சர்க்கரைப் புண்ணுக்குத் தாவர எண்ணெய் கிரீம்: எங்கே எடுபடும், எங்கே எடுபடாது

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் பி.ஃபார்ம் கடைசி வருட மாணவர். வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், கிராம்பு எண்ணெய் மூன்றையும் சேர்த்து நீரிழிவுப் புண்ணுக்கான பாக்டீரியா எதிர்ப்பு கிரீம் ஒன்றை புராஜெக்டாகச் செய்கிறார். கிருமி வளர்த்த அகார் தட்டில் போட்டுப் பார்த்ததில், எண்ணெயைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வளையம் வந்திருக்கிறது. எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் போடலாம் என்று கேட்கிறார். கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு உள்ளங்காலில் 2 மாதமாக ஆறாத புண் இருக்கிறது, கிரீம் தயாரானதும் அவருக்குப் போட்டுப் பார்க்கலாமா?

நான் மருந்து வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. ஆனாலும் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். உங்கள் கிரீம் மோசமாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. உள்ளங்காலில் 2 மாதமாக ஆறாத புண்ணுக்கு, மேலே என்ன பூசுகிறோம் என்பது நாலாவது ஐந்தாவது கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

அந்தப் புண் ஏன் வந்தது என்று பாருங்கள். பல வருடம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போனால் காலில் உணர்ச்சி மங்கிவிடும். செருப்புக்குள் ஒரு கல் கிடந்தாலும் தெரியாது. பெருவிரல் அடியில், முன்பாதத்தில், ஒரே இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். முதலில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும், அப்புறம் காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகும். நமக்கு அப்படி ஒரு புண் வந்தால் நொண்டி நடப்போம். அந்த நொண்டலே புண்ணைக் காப்பாற்றும். அவருக்கு வலி தெரியாது, அதனால் வழக்கம்போல நடப்பார். காலையில் என்ன பூசினாலும் மாலைக்குள் சில ஆயிரம் தடவை அந்தப் புண்ணின் மேல் உடம்பின் எடை இறங்கியிருக்கும். இந்த நிலையில் கிரீமிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

இந்தப் பாடம் ஒரு வகையில் நம் ஊரிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த பால் பிராண்ட், அவர்களுடைய கை கால்கள் அழிவதற்குக் கிருமி நேரடிக் காரணம் இல்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதுதான் காரணம் என்று காட்டினார். பிறகு 1960களில் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, பாதத்தை ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறையையும் கொண்டுபோனார். அதே முறை அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் போனது. இன்றைக்கும் உள்ளங்கால் புண்ணுக்கு, அழுத்தம் குறைக்கும் கழற்ற முடியாத கட்டுதான் முதல் சிகிச்சை. நம் ஆஸ்பத்திரிகளில் எழுதித் தரும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பும் இதே வழியில் வந்தது. ஆறிய புண் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

ஆகவே அப்பாவை இந்த வாரமே, பாதச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே காலில் நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள், கணுக்காலில் ரத்த அழுத்தம் எடுப்பார்கள். ஒரு மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். சுற்றியுள்ள காய்ப்பைச் செதுக்கி எடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பலமுறை பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சரியான சிகிச்சையில் 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், எங்கேயோ எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். 2 மாதம் என்பது அந்தக் கணக்கில் இரண்டு மடங்கு. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சரி, இனி புராஜெக்ட்.

நீங்கள் தொடங்கிய இடமே எனக்கு இடறுகிறது. "நீரிழிவுப் புண் ஆறாததற்குக் கிருமி காரணம், கிருமியைக் கொன்றால் ஆறும், எண்ணெய் கிருமியைக் கொல்கிறது" என்று மூன்று படி வைத்திருக்கிறீர்கள். முதல் படி பாதிதான் உண்மை. திறந்த புண் எதிலும் பாக்டீரியா இருக்கும். அது தொற்றாக மாறியிருக்கிறதா என்பதை வீக்கம், அரை சென்டிமீட்டருக்கு மேல் பரவிய சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா என்று பார்த்து முடிவு செய்வார்கள். தொற்று இருந்தால் மாத்திரையோ ஊசியோதான் வழி. மேலே பூசுவது ஆழத்துக்குப் போகாது. தொற்று இல்லாவிட்டால் கிருமியைக் கொல்வதால் புண் வேகமாக ஆறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புண்ணை ஆற்றும் நோக்கத்தோடு கிருமிநாசினி கலந்த டிரெஸ்ஸிங்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. தேனும் அந்தப் பட்டியலில் உண்டு. மூலிகைச் சாறு ஏற்றிய டிரெஸ்ஸிங்குகளும் உண்டு. உங்கள் புராஜெக்டின் முன்னுரையில் இதை எழுதாமல் விட்டால், வைவாவில் விவரம் தெரிந்த ஒருவர் இதையே கேட்டு உங்களை நிறுத்திவிடுவார்.

அதற்காகத் தாவர எண்ணெய்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அவற்றின் வேலை என்ன என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் ஒரே பட்டியலில் போட்டிருக்கும் மூன்றும் ஒரே இனம் இல்லை. வேப்பெண்ணெய் கொட்டையிலிருந்து பிழிந்தது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், புங்க எண்ணெய் போல அதுவும் கொழுப்பு எண்ணெய். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். டீ ட்ரீயும் கிராம்பும் நீராவியில் வடித்த வாசனை எண்ணெய்கள். கறை கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். முதல் வகை தோலை மூடி ஈரம் போகாமல் காக்கும், மென்மையாக்கும். கிருமிக்கு எதிரான வேலை மிதமானதுதான். இரண்டாம் வகையில்தான் கிருமியைக் கொல்லும் வேகம் இருக்கிறது. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், டீ ட்ரீயில் டெர்பினென்-4-ஆல். இவையெல்லாம் கொழுப்பில் கரைகிற சின்ன மூலக்கூறுகள். பாக்டீரியாவின் செல் சவ்வும் கொழுப்பால் ஆனது. இவை அதற்குள் செருகிக்கொண்டதும் சவ்வு ஒழுகத் தொடங்கும். பொட்டாசியம் வெளியே போகும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. தீரும், செல் சாகும். ஒரே ஒரு புரதத்தைக் குறிவைக்காமல் சவ்வு முழுவதையும் கலைப்பதால் எதிர்ப்புத்திறன் எளிதில் உருவாகாது என்பது இவற்றின் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு இருக்கும் ஈர்ப்பு. ஆனால் உங்கள் தோல் செல்லுக்கும் சவ்வு கொழுப்பால் ஆனதுதான். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது டீ ட்ரீ. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்து மரம். அங்குள்ள பழங்குடிகள் இலையைக் கசக்கிப் புண்ணுக்கு வைத்தார்கள். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற வேதியியலாளர், அந்தக் காலத்துக் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தைவிட இது பல மடங்கு வலுவானது என்று காட்டினார். இன்று அதற்கு ஐ.எஸ்.ஓ. 4730 என்ற தரமே இருக்கிறது. நீங்கள் வாங்கும் பாட்டிலுக்கு அந்தத் தரப்படி, எண்ணெயில் என்னென்ன கூறு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வாயு குரோமட்டோகிராபி அறிக்கை கேளுங்கள். தராத கடையில் வாங்காதீர்கள். வாசனை எண்ணெய் வியாபாரத்தில் கலப்படம் சகஜம். என்ன இருக்கிறது என்றே தெரியாத எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

டீ ட்ரீக்கு மனிதர்களில் நடந்த சோதனைகளும் உண்டு. 2004ல் இங்கிலாந்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ்) கிருமி ஒட்டியிருந்த 224 நோயாளிகளிடம் 10 சதவீத டீ ட்ரீ கிரீமையும் 5 சதவீத உடல் கழுவியையும் வழக்கமான மருந்துகளோடு ஒப்பிட்டார்கள். மூக்கிலிருந்து கிருமியை விரட்டுவதில் மியூபிரோசின் களிம்பு 78 சதவீதம், டீ ட்ரீ 47 சதவீதம், அங்கே தோல்வி. தோல் மேற்பரப்பிலும் தோல் புண்களிலும் குளோர்ஹெக்சிடின், சில்வர் சல்ஃபாடயசின் இரண்டையும்விட டீ ட்ரீ நன்றாகவே வேலை செய்தது. மோசமில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது கிருமி போனதா என்பதை. புண் ஆறியதா என்பது வேறு கேள்வி.

இப்போது உங்கள் வளையத்துக்கு வருவோம். வட்டத் தாளில் எண்ணெயை நனைத்து அகார் மேல் வைத்து, மறுநாள் ஸ்கேலால் அளந்திருப்பீர்கள். அந்தச் சோதனை தண்ணீரில் கரையும் ஆன்டிபயாட்டிக்குகளுக்காக உண்டானது. எண்ணெய் அகாருக்குள் ஒழுங்காகப் பரவாது. கனமான கூறுகள் தாளிலேயே நின்றுவிடும், லேசானவை ஆவியாகி மூடிக்குள் சுற்றும். தட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் கிராம்பு வாசனையை நினைத்துப் பாருங்கள்: அந்த ஆவி பக்கத்துத் தாளின் வளையத்தையும் பெரிதாக்கும். ஒரே தட்டில் கிராம்பையும் வேப்பெண்ணெயையும் வைத்திருந்தால், வேப்பெண்ணெய்க்கு வந்த வளையம் வேப்பெண்ணெயுடையதுதானா என்றே சொல்ல முடியாது. 22 மில்லிமீட்டர் வந்த எண்ணெய் 15 மில்லிமீட்டர் வந்ததைவிட வலுவானது என்ற முடிவும் செல்லாது. கிருமி வளரும் திரவ ஊடகத்தில் எண்ணெயைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் சோதனை செய்து, கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவை, அதாவது குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டுபிடியுங்கள். ட்வீன் 80 போன்றவை எண்ணெயைக் கரைக்க உதவும். ஆனால் கொஞ்சமாகப் போடுங்கள். கூடினால் அதுவே எண்ணெயின் வேலையை மந்தமாக்கும்.

எந்தக் கிருமியில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான புராஜெக்டுகளில் ஸ்டாஃபைலோகாக்கஸ், ஈ. கோலை இரண்டோடு கதை முடிந்துவிடுகிறது. நம் நாட்டுப் பாதப் புண்களில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்ற கிராம் நெகடிவ் கிருமிகள் நிறைய வருகின்றன. டீ ட்ரீக்கு ஸ்டாஃபைலோகாக்கஸ் சுமார் அரை சதவீதத்திலேயே அடங்கும். சூடோமோனாஸ் 1 முதல் 8 சதவீதம் வரை கேட்கும். அதன் செல் சவ்வுக்கு வெளியே இருக்கும் இரண்டாவது சவ்வும், உள்ளே வந்ததைத் திரும்ப வெளியே தள்ளும் பம்புகளும் காரணம். கட்டுத் துணியில் பச்சையாகக் கறை படிந்து ஒருவித இனிப்பு வாடை அடித்தால், உங்கள் எண்ணெய்க்கு அடங்காத ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் ஆய்வகத் திரவ ஊடகத்தில் கிடைக்கும் எண்கள். புண்ணுக்குள் ரத்தச் சீரம், சீழ், செத்த சதை எல்லாம் இருக்கும். எண்ணெய் மூலக்கூறுகள் புரதத்திலும் கொழுப்பிலும் ஒட்டிக்கொண்டு கிருமிக்குப் போய்ச் சேராது. கிருமிகளும் தனித்தனியாக மிதப்பதில்லை. பிசின் போன்ற உறைக்குள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அதனால் செறிவை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் என்ன ஆகும்? மேலே சொன்ன சவ்வு விஷயம் வந்து நிற்கும். புண்ணை மூட வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் (புதுச் சதையைக் கட்டும் செல்கள்) தோல் செல்களும் அதே எண்ணெயில் சாகும். லவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் இதில் ரொம்பக் கடுமை. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்து ஈறு வெந்துபோனவர்களைக் கேட்டால் தெரியும். கிருமியைக் கொல்லும் செறிவுக்கும் செல்லைக் கொல்லும் செறிவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த புராஜெக்டின் உயிர். ஆய்வகத்தில் வளர்க்கும் எல்929 ஃபைப்ரோபிளாஸ்ட் அல்லது ஹேகாட் தோல் செல்களில், எத்தனை செல் உயிரோடு மிஞ்சுகிறது என்று காட்டும் எம்.டி.டி. சோதனை செய்து தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கல்லூரியில் வசதி இல்லாவிட்டால் வெளியே கொடுத்தாவது செய்யுங்கள். வளையத்தின் படத்தை நாலு பக்கம் ஒட்டுவதைவிட இந்த ஒரு அட்டவணை மேல்.

ஒவ்வாமையையும் மறக்காதீர்கள். டீ ட்ரீ எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். டெர்பினீன்கள் குறைந்து பெராக்சைடுகள் உண்டாகும், அவைதான் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். அடர்ந்த நிறப் பாட்டிலில், நிரம்ப ஊற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பாதி காலியான பாட்டிலை ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த செமஸ்டரில் எடுத்தால், அது வேறு எண்ணெய். நாள்பட்ட கால் புண் உள்ளவர்களுக்கு, பூசுகிற பொருட்களால் ஒவ்வாமை வருவது மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்.

இன்னொன்று, புத்தகங்களில் அதிகம் எழுதாதது. புண்ணைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நிறமும் வாசனையும்தான் செய்தி. மஞ்சள் சேர்த்த கிரீம் பூசினால், மஞ்சளாக இருப்பது செத்த சதையா மஞ்சள் தூளா என்று தெரியாது. சுற்றியுள்ள சிவப்பும் மறைந்துபோகும். கிராம்பு, யூகலிப்டஸ் வாசனை தூக்கலாக இருந்தால் அழுகல் வாடையை அது அமுக்கிவிடும். வீட்டில் இருப்பவர்கள் "நாத்தம் குறைஞ்சிருக்கு" என்று நிம்மதியாக ஒரு வாரம் கடத்திவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு விரல் போகலாம். கிரீமில் நிறமும் வாசனையும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

மஞ்சள் என்றதும் நம் ஆட்கள் காப்புரிமைக் கதையைக் கொண்டுவருவார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995ல் கொடுத்த, மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கான அமெரிக்கக் காப்புரிமையை, நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997ல் ரத்து செய்ய வைத்தது உண்மை. ஆனால் அது ரத்தானது, அந்தப் பயன்பாடு ஏற்கெனவே தெரிந்த பழைய விஷயம் என்பதால். மஞ்சள் சர்க்கரைப் புண்ணை ஆற்றும் என்று அங்கே யாரும் நிரூபிக்கவில்லை. உங்கள் முன்னுரையில் அதை ஆதாரமாக எழுதாதீர்கள்.

நம் மரபு மருத்துவத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் தருவார்கள். மக்கள் பச்சை எண்ணெய் என்பார்கள். ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், அதோடு துருசு. துருசு என்பது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். ஆயுர்வேதத்தின் ஜாத்யாதி தைலத்திலும் துத்தம் உண்டு. ஆக, "முழுக்க மூலிகை" என்று நாம் நினைக்கிற எண்ணெயில் கிருமியோடு மல்லுக்கட்டுவதில் செம்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பழைய வைத்தியர்கள் வெறும் எண்ணெயை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அதே சமயம், ஊமத்தையில் அட்ரோபின் வகை நச்சுகள் இருக்கின்றன. திறந்த பெரிய புண் வழியாக அது உடம்புக்குள் ஏறலாம். ஆகவே அதைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கி ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை.

தாவரப் பொருள் சர்க்கரைப் புண்ணில் ஜெயித்த ஒரு உதாரணம் வேண்டுமென்றால் தைவானைப் பாருங்கள். ஓ.என்.101 என்ற கிரீம். அதில் இருக்கும் இரண்டு செடிகளும் உங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கலாம்: கற்பூரவள்ளியும் வல்லாரையும். 2021ல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் 236 பேர். 16 வாரத்தில் கிரீம் போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது. உறிஞ்சும் டிரெஸ்ஸிங் மட்டும் போட்டவர்களில் 35.1 சதவீதம். எலும்பில் தொற்று இல்லாத, ரத்த ஓட்டம் ஓரளவு இருந்த புண்கள்தான் சேர்க்கப்பட்டன; சோதனைக்குப் பணம் கொடுத்தது கிரீமைச் செய்த நிறுவனம்; இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சுவாரசியமானது வேறொன்று. கற்பூரவள்ளியை வடித்தால் கார்வக்ரால், தைமால் என்று வலுவான கிருமிக்கொல்லிகள் வரும். ஆனால் இந்தக் கிரீமின் வேலை அந்த வழியில் நடப்பதாகச் சொல்லப்படவில்லை. நீரிழிவுப் புண்ணில், கிருமியையும் குப்பையையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அழற்சி நிலையிலேயே மாட்டிக்கொண்டு, சீர்செய்யும் நிலைக்கு மாறாமல் நிற்கும். அந்த மாற்றத்தைத் தூண்டுவதுதான் இதன் வழி என்கிறார்கள். அதாவது வென்ற கிரீம், கிருமியைக் கொல்லும் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை.

கொழுப்பு எண்ணெய்களில் ஆலிவ் எண்ணெய்க்கு ஈரானில் 2015ல் வந்த ஒரு ஆய்வு உண்டு. வழக்கமான சிகிச்சையோடு தினம் ஆலிவ் எண்ணெயும் தடவியவர்களுக்கு நல்ல பலன் என்றது. 34 நோயாளிகள், 4 வாரம். இவ்வளவு சின்ன ஆய்வை வைத்து யாருடைய காலையும் பணயம் வைக்க மாட்டேன். அடுத்த ஆய்வுக்குக் காரணமாகச் சொல்லலாம்.

கிரீம் செய்வதில் உங்களுக்கு இருக்கப்போகும் தொல்லை வேறு. எண்ணெய்ப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் தனித்தனியே 70 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றிக் கலக்குவீர்கள். வெள்ளையாகத் திரண்டு வரும்போது சந்தோஷமாக இருக்கும். அந்தச் சூட்டில் வாசனை எண்ணெயை ஊற்றினால் லேப் முழுக்க மணக்கும், கிரீமில் இருக்காது. 40 டிகிரிக்கு இறங்கியபின் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். மூடாத பீக்கரில் இரவெல்லாம் வைக்காதீர்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. பலர் கவனிக்காதது, எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் குழம்பாக்கிப் பொருள். செட்டோமேக்ரோகால், பாலிசார்பேட் போன்ற அயனி இல்லாத குழம்பாக்கிகள் மைசெல் உருண்டைகளாகி, யூஜினால், தைமால் போன்ற பீனால்களை உள்ளே பூட்டிவைத்துக்கொள்ளும். கிரீம் கெடாமல் இருக்கப் போடும் பாராபென் பாதுகாப்பானுக்கும் அதே கதி. எண்ணெய் தனியாகப் போட்டபோது வந்த வளையம், 5 சதவீதக் கிரீமாகப் போட்டபோது காணாமல் போவது இதனால்தான். மாணவர்கள் சதவீதத்தை ஏற்றுவார்கள். நான் குழம்பாக்கியை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். ஃபிரான்ஸ் செல் என்ற கருவியில், கிரீமிலிருந்து ஒரு சவ்வு வழியாக எண்ணெய் வெளியேறும் அளவையும் பாருங்கள். எண்ணெய் இல்லாத வெறும் கிரீமையும் கட்டாயம் ஒப்பீட்டுக்கு வையுங்கள். பாதுகாப்பான் மட்டுமே கிருமியைக் கொன்றுவிட்டு எண்ணெய் பெயர் வாங்கிக்கொண்ட புராஜெக்டுகள் உண்டு.

40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் நிலைத்தன்மைச் சோதனை வையுங்கள். நம் ஊர் மே மாதமே கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான். திறந்த காயத்துக்கான கிரீம் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி தண்ணீரான ஒரு பொருளை, உள்ளே பறந்துபோகும் எண்ணெய் இருக்கும்போது, ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. காமா கதிர் எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்யலாம். இந்த ஒரு சிக்கலே முழு ஆய்வுக்குப் போதும்.

எலியில் காட்டலாமா என்று கேட்பீர்கள். கணையத்தைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்துச் சர்க்கரை வரவைத்து, முதுகில் வட்டமாகத் தோலை வெட்டி, 14 நாளில் மூடியது என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். எலியின் தோலுக்கு அடியில் ஒரு தசைப் படலம் இருக்கிறது. அது தோலை இழுத்துச் சுருக்கியே காயத்தை மூடிவிடும். மனிதத் தோல் பெரும்பாலும் புதிதாக வளர்ந்து மூட வேண்டும். எலி முதுகில் அழுத்தமும் இல்லை, அடைபட்ட ரத்தக் குழாயும் இல்லை, மரத்துப்போன நரம்பும் இல்லை. இளநிலை புராஜெக்டுக்காக விலங்கைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பாவோ வேறு யாரோ, மனிதர் மேல் போட்டுப் பார்ப்பதற்கு நெறிமுறைக் குழு அனுமதியும் 2019 மருத்துவச் சோதனை விதிகளும் இருக்கின்றன. பிறகு விற்க நினைத்தால், சித்த ஆயுர்வேத மருந்தாக உரிமம் வாங்கும் வழி ஒன்று, 2015ல் வந்த பைட்டோபார்மசூட்டிக்கல் (சுத்திகரித்த தாவரச் சாறு மருந்து) பிரிவு இன்னொன்று. அழகுசாதன உரிமத்தில் செய்து "சர்க்கரைப் புண் ஆறும்" என்று லேபிள் ஒட்ட முடியாது.

என்னைக் கேட்டால் புராஜெக்டின் இலக்கையே சற்று நகர்த்துவேன். புண்ணுக்குப் பதிலாக, புண் வருவதற்கு முந்தைய காலை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயில் நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வை நின்று, தோல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு விழும். ஆழமான வெடிப்பு கிருமிக்குத் திறந்த கதவு. மூடிய தோல், அதனால் கிருமி நீக்கக் கெடுபிடி குறைவு. கொழுப்பு எண்ணெய்க்கு இயல்பான வேலை. ஒப்பிட 10 சதவீத யூரியா கிரீம் கடையிலேயே கிடைக்கும். தேங்காயெண்ணெயையோ புங்க எண்ணெயையோ அடிப்படையாக வைத்து, டீ ட்ரீயை ஒரு சதவீதத்தைச் சுற்றி வைத்து, கிராம்பை விட்டுவிடுங்கள். வேப்பெண்ணெய் வேண்டுமென்றால் கொஞ்சமாக. அந்த வாடைக்கு யாரும் இரண்டாம் நாள் பூச மாட்டார்கள், பூசாத கிரீமுக்கு எந்தச் செறிவும் உதவாது. வேப்பெண்ணெய் குழந்தைகள் வாயில் போனால் ஆபத்து, உயிரிழப்புகளே பதிவாகியிருக்கின்றன. டப்பாவில் அதையும் எழுதுங்கள்.

பயன்படுத்தும் முறையில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும். விரல் இடுக்கில் பூசக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிச் சேற்றுப்புண் வரும். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிந்தால் பூசுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். இரவில் பூசி, பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கட்டும். எண்ணெய்க் காலோடு பாத்ரூம் டைல்ஸில் நடந்து வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.